மழைத்துளியும் ஒரு லென்ஸ்தான்

மழையில் கார் ஓட்டுகிறவருக்கு வைப்பர் இருக்கிறது. பைக்கில் போகிறவர் ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியைக் கையால் வழித்துவிட்டுப் போகிறார். பவர் கண்ணாடி போட்டுக்கொண்டு சைக்கிள் மிதிக்கிறவருக்கு இரண்டும் இல்லை. மூக்கின் மேல் இருக்கும் இரண்டு சிறிய லென்ஸ்கள்தான் அவருக்கு எல்லாம். அவை நனைந்தால் சாலை மங்குகிறது. கழற்றினால் சாலையே மறைகிறது.

மறைகிறது என்பது மிகையல்ல. மைனஸ் 2 பவர் உள்ள கிட்டப்பார்வைக்காரருக்குக் கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரிவது அரை மீட்டர் வரைக்கும்தான். சைக்கிளின் ஹேண்டில்பார் ஏறக்குறைய அந்தத் தூரத்தில் இருக்கிறது. மைனஸ் 4 என்றால் எல்லை 25 செ.மீ. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிள் நொடிக்கு ஐந்தரை மீட்டர் நகர்கிறது. தண்ணீர் நிரம்பிய பள்ளத்தைக் கண்டு, அது பள்ளம்தான் என்று மூளை முடிவு செய்து, விரல் பிரேக்கை அழுத்துவதற்குள் ஒரு நொடி போய்விடுகிறது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் கட்டைகள் நனைந்திருந்தால் முதல் சில சுற்றுகள் வழுக்கலிலேயே போகும். ஆக, மழையில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு வெயில் காலத்தை விட நல்ல பார்வை வேண்டும். மழையோ அந்தப் பார்வையைத்தான் முதலில் பறிக்கிறது.

கண்ணாடிக் கடையில் இதற்கு என்ன வாங்குவது என்று கேட்டால் பெயர்கள் வரிசையாக வரும்: ஆன்டி-ரிஃப்ளெக்‌ஷன், ஹைட்ரோபோபிக், ஆன்டி-ஃபாக், போலரைஸ்டு, போட்டோக்ரோமிக், பாலிகார்பனேட். எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை. இவற்றில் எது மழைக்கு உதவும், எது உதவாது, எது கெடுக்கும் என்பதை இயற்பியலைக் கொண்டு நாமே முடிவு செய்துகொள்ளலாம். அதற்கு ஒரே ஒரு மழைத்துளியிலிருந்து தொடங்க வேண்டும்.

333 டயாப்டர் துளி

லென்ஸின் மேல் 2 மி.மீ. அகலத்தில் ஒரு துளி அரைக்கோளமாக உட்கார்ந்திருக்கிறது என்று கொள்வோம். அதன் வளைவின் ஆரம் 1 மி.மீ. நீரின் ஒளிவிலகல் எண் 1.333. லென்ஸின் திறனைக் கணிக்கும் பள்ளிக்கூடச் சூத்திரத்தில் இவற்றைப் போட்டால் அந்தத் துளியின் திறன், கண்ணாடிச் சீட்டில் பவரைக் குறிக்கும் அதே அலகில், 333 டயாப்டர் என்று வருகிறது. நம் கண்ணின் மொத்தத் திறனே 60 டயாப்டர் அளவுதான். கண்ணைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் வலிமையான லென்ஸ் ஒன்று கண்ணுக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அது என்ன செய்யும்? எதிரே வரும் லாரியின் விளக்கொளி அந்தத் துளிக்குள் நுழைந்து, சுமார் 3 மி.மீ. தூரத்திலேயே ஒரு புள்ளியில் குவிந்துவிடும். கண் இருப்பதோ லென்ஸிலிருந்து ஏறத்தாழ 12 மி.மீ. தள்ளி. குவிந்த ஒளி மீதித் தூரத்தில் விரிந்துகொண்டே வந்து, கண்ணை அடையும்போது 6 மி.மீ. அகலமாகப் பரவியிருக்கும். கண்பாவை முழுவதையும் மூட அது போதும். விழித்திரையில் விளக்கின் பிம்பம் விழாது. மங்கலான ஒரு பெரிய ஒளிவட்டம் விழும். துளிக்கு ஒரு வட்டம். பத்துத் துளிகள் என்றால் பத்து வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக. அந்த ஒளித்திரைக்குப் பின்னால்தான் கறுப்புக் குடை பிடித்துச் சாலையைக் கடக்கிறவர் நிற்கிறார்.

பகலில் இது இத்தனை மோசமாக இருப்பதில்லை. பகல் வெளிச்சத்தில் கண்பாவை 2 அல்லது 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். ஏதேனும் ஒரு நேரத்தில் ஓரிரு துளிகளே அதன் பாதையில் குறுக்கிடும்; துளிகளுக்கு இடையிலுள்ள சுத்தமான பகுதி வழியே மூளை காட்சியைச் சேர்த்துக்கொள்ளும். இரவில் கண்பாவை 6, 7 மி.மீ. வரை விரிகிறது. துளிகள் பல ஒரே சமயத்தில் பாதையில் விழுகின்றன. சுற்றிலும் இருட்டு, நடுவில் கூசும் விளக்குகள். அதே கண்ணாடி, அதே மழை, ஆனால் மாலை ஆறரைக்குப் பிறகு பார்வை திடீரென்று கைவிடுவது இதனால்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே அளவு தண்ணீரைத் துளியாக விடாமல் லென்ஸின் மேல் சீரான ஏடாகப் பரப்பினால் அதற்குத் திறன் பூச்சியம். இரு பக்கமும் ஒரே வளைவுள்ள மெல்லிய ஏடு ஒளியை வளைக்காமல் அப்படியே விட்டுவிடும். பார்வையைக் கெடுப்பது தண்ணீரின் உருண்டை வடிவம். எனவே நமக்கு இரண்டு வழிகள் உண்டு: துளியை லென்ஸில் நிற்கவிடாமல் விரட்டலாம், இல்லையேல் அதைத் தட்டையாக்கிவிடலாம். மழைக்கண்ணாடியின் தொழில்நுட்பம் முழுவதும் இந்த இரண்டில் அடங்கும்.

தூறலே கொடியது

விரட்டுவதற்கும் முன்னால், துளியை லென்ஸுக்கு வரவிடாமல் தடுக்கப் பார்ப்போம். இங்கே பெருமழையை விடத் தூறல் தொல்லை தருகிறது.

காற்றின் தடையால் மழைத்துளி ஒரு வேகத்துக்கு மேல் விழ முடியாது. அதை முற்றுத் திசைவேகம் என்கிறோம். 2 மி.மீ. துளி நொடிக்குச் சுமார் 6.5 மீட்டரில் விழுகிறது. அரை மி.மீ. தூறல் துளி 2 மீட்டரில்தான் இறங்குகிறது. இப்போது நாம் நொடிக்கு 5.6 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 20 கி.மீ. வேகத்தில், முன்னே போகிறோம். பெருந்துளி நம் கண்ணுக்குக் கிடைமட்டத்திலிருந்து சுமார் 49 டிகிரி உயரத்தில் இருந்து வருவதாகப் படும். தூறல் துளி வெறும் 20 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட நேர் எதிரே இருந்து முகத்தில் அடிக்கும்.

தலையில் முன்விளிம்பு வைத்த தொப்பி ஒன்று இருக்கிறது, விளிம்பு லென்ஸைத் தாண்டி 5 செ.மீ. நீண்டிருக்கிறது, லென்ஸின் நடுப்பகுதி விளிம்புக்கு 4 செ.மீ. கீழே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 39 டிகிரிக்கு மேலான கோணத்தில் வரும் துளிகளை அந்த விளிம்பு தடுத்துவிடும். பெருமழை மாட்டிக்கொள்ளும், தூறல் தப்பி உள்ளே வரும். வேகத்தை மணிக்கு 10 கி.மீ. ஆகக் குறைத்தால் அதே தூறல் 36 டிகிரி கோணத்துக்கு ஏறிவிடும். தலையைச் சற்றே தாழ்த்தினால் தொப்பி அதையும் தடுத்துவிடும். மழையில் மெதுவாகப் போங்கள் என்று பெரியவர்கள் சொல்வது பிரேக்குக்கு மட்டும் பொருந்துவதில்லை, கண்ணாடிக்கும் பொருந்துகிறது.

ஆகவே மழைக்கண்ணாடி வாங்கப் போகிறவர் முதலில் வாங்க வேண்டியது ஹெல்மெட்டுக்குள் போட்டுக்கொள்ளும்படியான மெல்லிய தொப்பி. மழைக்கோட்டின் தலைமூடி இதற்கு ஈடாகாது. அது பக்கவாட்டுப் பார்வையை மறைப்பதோடு, முகத்தின் வெப்பத்தையும் ஈரத்தையும் தேக்கிக் கண்ணாடியில் ஆவி படியச் செய்யும். அடுத்தது மட்கார்டு. முன் சக்கரம் வாரியிறைக்கும் தெருத்தண்ணீரில் களிமண்ணும் எண்ணெயும் கலந்திருக்கும். மழைநீர் காய்ந்துவிடும், சேறு லென்ஸில் ஒட்டிக்கொண்டு, துடைக்கும்போது கீறும்.

வெளிமுகம்: ஒட்டாதிரு

இத்தனைக்கும் தப்பி லென்ஸை அடைந்த துளியின் தலைவிதியை நிர்ணயிப்பது சேர்கோணம். திரவம் பரப்பைத் தொடும் இடத்தில் அது எவ்வளவு செங்குத்தாக எழுகிறது என்பதைச் சொல்லும் கோணம் அது. இதை 1805இல் விளக்கியவர் லண்டன் மருத்துவர் தாமஸ் யங். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் 1801இல் கண்ணின் இயக்கம் பற்றி எழுதிய கட்டுரையில் தம் கண்ணிலேயே இருந்த சிதறல் பார்வையை அளந்து விவரித்தவரும் அவரே. கண்ணாடிச் சீட்டில் இன்று நாம் ‘சிலிண்டர்’ என்று படிக்கும் குறை அது. மழையில் நனையும் பவர் கண்ணாடியின் இரண்டு பாதிகளையும் ஒரே மனிதர் ஆராய்ந்திருக்கிறார்.

பூச்சு இல்லாத பிளாஸ்டிக் லென்ஸில் சேர்கோணம் 90 டிகிரிக்குக் குறைவு. துளி அகன்று, நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஹைட்ரோபோபிக் எனப்படும் நீர்விலக்கிப் பூச்சில் ஃபுளூரின் சேர்ந்த மூலக்கூறுகள் இருக்கும். அது கோணத்தை 110 டிகிரி அளவுக்கு உயர்த்தும். துளி குறுகி எழும், பிடிமானம் தளரும், சற்றே பெரிதானதும் உருண்டு விழும். தாமரை இலையில் இந்தக் கோணம் 150 டிகிரியைத் தாண்டுகிறது. அப்படியொரு லென்ஸ் ஏன் கிடைப்பதில்லை? தாமரை இலையின் பரப்பு வழவழப்பானதன்று. மெழுகு பூசிய நுண்ணிய மேடுகளால் ஆனது. அந்த மேடுகள் ஒளியைச் சிதறடிக்கும், துணியால் துடைத்தால் தேய்ந்துவிடும். வழவழப்பான பரப்பில் எந்தப் பூச்சாலும் 120 டிகிரியைத் தாண்ட முடிவதில்லை.

இதிலிருந்து தெரிவது: நீர்விலக்கிப் பூச்சு உதவும், முழுவதும் காப்பாற்றாது. பெருந்துளிகள் ஓடிவிடும், தூறலின் பொடித்துளிகள் எடை போதாமல் அப்படியே நிற்கும். தலையை ஒரு முறை உதறினால் அவற்றில் பாதி போய்விடும். விரலின் எண்ணெய்ப் பசை பட்டால் பூச்சின் குணம் மறைந்துவிடும் என்பதால், வீட்டுக்கு வந்ததும் ஓடும் தண்ணீரில் காட்டி, மிதமான சோப்பால் கழுவி, சுத்தமான மென்துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். சட்டை நுனியால் உலரத் துடைப்பது பூச்சுக்கு எமன். கார் கண்ணாடிக்கு விற்கும் மழைவிலக்கித் திரவத்தைப் பவர் கண்ணாடியில் பூச வேண்டாம். அதன் கரைப்பான் லென்ஸின் மேலுள்ள பூச்சுகளைக் கெடுக்கக்கூடும்.

உள்முகம்: பரவிவிடு

வெளிமுகத்தைக் காப்பாற்றிவிட்டு சிக்னலில் நின்றால், உள்முகம் வெளுத்துப் போகிறது. நாம் வெளியிடும் மூச்சு சுமார் 34 டிகிரி வெப்பத்தில், ஈரம் நிறைந்து வருகிறது. அந்த வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று கிட்டத்தட்ட 38 கிராம் நீராவியைத் தாங்கும். மழை நாளில் 25 டிகிரியில் இருக்கும் லென்ஸை ஒட்டிய காற்றோ 23 கிராம்தான் தாங்கும். மீதி எங்கே போகும்? லென்ஸின் மேல் நுண்துளிகளாகப் படிகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது எதிர்க்காற்று அந்த ஈரத்தை அள்ளிச் சென்றுவிடுகிறது. நின்றதும் காற்று நிற்கிறது. வியர்வையும் மூச்சும் லென்ஸுக்குப் பின்னால் தேங்குகின்றன.

சென்னை போன்ற ஊர்களில் இதற்கு இன்னொரு வாசல் உண்டு. ஏசி அறையில் 22 டிகிரிக்குக் குளிர்ந்த கண்ணாடியோடு மழைக்கால வெளிக்காற்றுக்கு வருகிறோம். அந்தக் காற்றின் பனிப்புள்ளி, அதாவது அதிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 24 டிகிரி என்றால், மூச்சே விடாவிட்டாலும் லென்ஸின் இரு புறமும் ஆவி படியும். இதற்கு மருந்து பொறுமை. படியில் இரண்டு நிமிடம் நின்று, கண்ணாடி வெளிவெப்பத்துக்கு வந்த பிறகு ஏறி மிதித்தால் போதும்.

சிக்னலில் படியும் ஆவிக்கு வேறு வழி வேண்டும். இங்கே நீர்விலக்கிப் பூச்சு உதவாது. நுண்துளிகளை அது இன்னும் நன்றாக உருட்டி வைக்கும். நமக்கு வேண்டியது நேர் எதிரான குணம்: சேர்கோணம் மிகச் சிறியதாக இருந்து, விழும் ஈரமெல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஏடாகப் பரவ வேண்டும். ஆன்டி-ஃபாக் பூச்சு செய்வது இதைத்தான். சோப்புக் கரைசலை உள்முகத்தில் துளி தடவி, லேசாகத் துடைத்து விடுவதும் அதே இயற்பியல். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது, துளி தட்டையாகிறது. சில மணி நேரத்துக்கு அது தாங்கும்.

ஒரே லென்ஸின் இரண்டு முகங்களுக்கு இப்படி எதிரெதிரான குணங்கள் வேண்டியிருக்கின்றன. கடையில் ‘எல்லாப் பூச்சும் சேர்த்துப் போட்டுவிடுகிறோம்’ என்று சொன்னால், எந்த முகத்துக்கு எது என்று கேளுங்கள். வெளிமுகம் நீரை விலக்க வேண்டும், உள்முகம் நீரைப் பரப்ப வேண்டும்.

பூச்சை விடவும் காற்றோட்டம் முக்கியம். கன்னத்தோடும் புருவத்தோடும் ஒட்டி உட்காரும் பிரேம் மழைத்துளியைத் தடுக்கும், ஆனால் ஆவியைச் சிறைப்பிடிக்கும். சரிசெய்யக்கூடிய மூக்குத் தாங்கிகள் உள்ள பிரேமாகத் தேர்ந்து, கண்ணாடி முகத்திலிருந்து சற்றே விலகி நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தைத் தொலைக்காதீர்கள்

உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு இருக்கும் வெளிச்சம், கருமேகம் மூடினால் ஓரிரு ஆயிரத்துக்கு இறங்கிவிடும். அதில் ஒரு பகுதியைக் கண்ணாடியே தின்றுவிட அனுமதிக்கக் கூடாது. சாதாரண பிளாஸ்டிக் லென்ஸின் இரு பரப்புகளும் சேர்ந்து 8 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. பாலிகார்பனேட் 10 சதவீதம். 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா உருவாக்கிய பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சின் வழித்தோன்றல்கள் இந்த இழப்பை ஏறக்குறைய இல்லாமலாக்குகின்றன. பின்னால் வரும் வாகனத்தின் விளக்கு லென்ஸின் உள்முகத்தில் பட்டுக் கண்ணுக்குள் தெறிப்பதும் குறைகிறது. மழைக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தகுந்த முதல் பூச்சு இதுதான்.

மஞ்சள் லென்ஸ் இரவுக்கு நல்லது என்று பரவலாக விற்கப்படுகிறது. மஞ்சள் நிறம் நீல ஒளியை வடிகட்டுகிறது. புதிதாக ஒளி எதையும் சேர்ப்பதில்லை. பாஸ்டனில் உள்ள ஷெப்பென்ஸ் கண் ஆய்வு நிலையத்தின் ஆய்வாளர்கள் செயற்கை ஓட்டுநர் இருக்கையில் சோதித்து 2019இல் வெளியிட்ட முடிவும் இதையே சொல்கிறது: எதிர்விளக்கு கூசும்போது பாதசாரியைக் கண்டுபிடிக்க மஞ்சள் கண்ணாடி உதவவில்லை. ஒளியில் 75 சதவீதத்துக்கும் குறைவாக உள்ளே விடும் கண்ணாடி இரவில் வண்டி ஓட்டத் தகாது என்பது குளிர்கண்ணாடிகளுக்கான சர்வதேசத் தர விதி.

போட்டோக்ரோமிக் லென்ஸ் புறஊதாக் கதிருக்குக் கறுக்கிறது. மேகம் புறஊதாக் கதிரில் கணிசமான பகுதியை விட்டுவிடுவதால், மங்கலான நாளிலும் அது ஓரளவு கறுத்தே இருக்கும். மேம்பாலத்தின் அடியில் நுழைந்தால் தெளிவதற்குச் சில நிமிடங்கள் ஆகும். போலரைஸ்டு லென்ஸ் நனைந்த சாலையின் பளபளப்பை அடக்கும். ஆனால் வழுக்கும் இரும்பு மூடியையும் எண்ணெய் படிந்த ஈரத்தையும் சைக்கிள்காரர் கண்டுகொள்வது அந்தப் பளபளப்பை வைத்துத்தான். இரண்டும் வெயிலுக்கு உரியவை. மழைக்கு நிறமற்ற தெளிந்த லென்ஸே சரி.

பவரும் பிரேமும்

சைக்கிளுக்கென்று விற்கும் வளைந்த பிரேம்கள் பக்கவாட்டுச் சாரலைத் தடுக்கின்றன. ஆனால் மைனஸ் 4 லென்ஸை 20 டிகிரி வளைத்து முகத்தைச் சுற்றி வைத்தால், அந்தச் சாய்வே அரை டயாப்டர் சிலிண்டர் குறையை உண்டாக்கிவிடும். யங் தம் கண்ணில் கண்ட குறையைப் பிரேம் நம் கண்ணில் புகுத்துகிறது. வளைவுக்கு ஏற்பப் பவரைத் திருத்திக் கொடுக்கும் கடையில் மட்டுமே அத்தகைய கண்ணாடியை வாங்க வேண்டும். பவர் அதிகமாக இருந்தால் வளைவு குறைந்த பிரேமே மேல். வெளியே வெறும் கவசம், உள்ளே பவர் லென்ஸ் என்று இரட்டை அடுக்காக வருபவற்றில் ஆவி படிய நான்கு பரப்புகள் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

கல் தெறித்தாலும் கீழே விழுந்தாலும் நொறுங்காத பாலிகார்பனேட் சைக்கிளுக்கு நல்ல பொருள். அதன் ஒரு குறை நிறப்பிரிகை. குனிந்து ஓட்டும்போது நாம் லென்ஸின் மையத்துக்கு மேலே 1 செ.மீ. தள்ளிப் பார்க்கிறோம். மைனஸ் 4இல் அந்த இடம் ஒரு முப்பட்டகமாக வேலை செய்து, சாலை விளக்குகளின் ஓரத்தில் வண்ணக் கரை காட்டும். பவர் குறைவானவர்களுக்கு இது தெரியவே தெரியாது. அதிகமானவர்கள் அதே உறுதியும் குறைந்த நிறப்பிரிகையும் கொண்ட டிரைவெக்ஸ் கிடைக்குமா என்று கேட்கலாம்.

வெள்ளெழுத்து வந்தவர்கள் புரோகிரெசிவ் கண்ணாடியோடு மழையில் ஓட்டாமல் இருப்பது நல்லது. படிப்பதற்கான அதன் கீழ்ப்பகுதி வழியே பார்த்தால் முன் சக்கரத்துக்கு எதிரே உள்ள சாலை மங்கும். தூரப் பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி அவர்களுக்கு வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போட்டு மேலே பவரில்லாத கண்ணாடி அணிவதும் ஒரு வழி. ஆனால் மண்ணிலும் நீரிலும் வாழும் அகந்தமீபா என்ற நுண்ணுயிரி கான்டாக்ட் லென்ஸ் அணிபவரின் கண்ணைக் கடுமையாகத் தாக்கக்கூடியது. ஒரு நாளில் எறிந்துவிடும் வகையையே பயன்படுத்தி, சாலைத் தண்ணீர் கண்ணில் பட்டால் வீடு சேர்ந்ததும் கழற்றிப் போட்டுவிட வேண்டும்.

இவ்வளவையும் சுருக்கினால் வரிசை இது: சரியான பவர், தெளிந்த லென்ஸ், பிரதிபலிப்புத் தடுப்பு, வெளிமுகத்தில் நீர்விலக்கி, உள்முகத்தில் ஆவித்தடுப்பு, காற்றுப் புகும் பிரேம், தலையில் விளிம்புத் தொப்பி. கையில் பணம் குறைவாக இருந்தால் பட்டியலின் முதலையும் கடைசியையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; பெரும்பலன் அவற்றிலேயே கிடைத்துவிடும். பழைய பவரோடு எந்தப் பூச்சைப் போட்டும் பயனில்லை.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு இலவசமாக சைக்கிள் கொடுக்கிறது. பவர் கூடிக்கொண்டே போகும் வயதும் அதுதான். மங்கலாகத் தெரிவதே இயல்பு என்று நினைத்துக்கொண்டு அவர்கள் ஐப்பசி அடைமழையில் மிதிக்கக் கூடாது. பெற்றோரும் ஆசிரியர்களும் பருவமழைக்கு முன்பே அவர்களுடைய கண்ணைச் சோதித்து, கண்ணாடியைப் புதுப்பித்துக் கொடுங்கள். எந்தக் கண்ணாடியும் போதாத மழையும் உண்டு. அப்போது சைக்கிளை விட்டு இறங்கி, தள்ளிக்கொண்டு ஓரமாக நடக்கவும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்.